மறதி நோய் வந்த வீட்டில் முடிவெடுப்பது யார்? மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்து ஊர்களிலும் மறதி நோய் கண்ட பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பங்களோடு வேலை செய்யும் செவிலியர் நான். மாத்திரை பற்றிய கேள்விகளை எல்லாரும் மருத்துவரிடமே கேட்டுவிடுகிறார்கள். மற்றக் கேள்விகள், நான் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் மெதுவாக வருகின்றன. ஊர் என்ன சொல்லும், அண்ணன் ஏன் பார்க்கவில்லை, சாமி குற்றமா, சொத்து என்னாவது. அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எடுத்திருக்கிறேன். மறதி நோய் என்று நான் எழுதுவது டிமென்ஷியாவை. அதில் பெரும்பங்கு அல்சைமர் நோய். மூளை இரத்தக் குழாய் அடைப்பால் வருவதும் நம்மிடையே நிறைய.

அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. வயதானால் மறதி வரத்தானே செய்யும்? ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா?

போக வேண்டும். பேரன் பெயர் சட்டென்று வாயில் வராமல், கொஞ்ச நேரம் கழித்து வந்தால் அது முதுமை. ஐம்பது வருடமாக வைத்த குழம்பில் புளி கரைக்க மறப்பது, சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயும் முன்னே ‘எனக்கு யாரும் சோறு போடவில்லை’ என்று பக்கத்து வீட்டில் சொல்வது, பிறந்து வளர்ந்த தெருவிலேயே வழி தெரியாமல் நிற்பது, இவையெல்லாம் நோய். 2023இல் வெளிவந்த ஒரு தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் அறுபது வயது கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று அதிகமானோருக்கு மறதி நோய் இருக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 88 லட்சம் பேர். மீதித் தொண்ணூற்றிரண்டு பேருக்கு இல்லை என்பதையும் பாருங்கள். ‘வயதானால் எல்லாருக்கும் அப்படித்தான்’ என்பது உண்மையில்லை.

சீக்கிரம் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் பற்றாக்குறை, மனச்சோர்வு, வழுக்கி விழுந்த பின் தலைக்குள் மெல்லக் கசியும் இரத்தம், இவையும் மறதி நோய் போலவே காட்டும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் தடுமாறினால் சிறுநீர்த் தொற்றோ உப்புச்சத்துக் குறைவோ இருக்கலாம். அன்றைக்கே அழைத்துப் போங்கள். பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனையில் நரம்பியல், மனநலம் இரண்டு பிரிவுகளும் இருக்கின்றன. எதற்குப் போனாலும் சரியே.

முதலில் கோவிலில் குறி கேட்டுவிட்டு அப்புறம் போகலாம் என்கிறார் மாமா. சரியா?

பாண்டி கோவிலுக்கோ, கோரிப்பாளையம் தர்காவுக்கோ, ஜெபக் கூட்டத்துக்கோ போகும் குடும்பங்களை நான் தடுத்ததில்லை. திருநீறு பூசியதும் அடங்கி உட்காரும் பெரியவர்களையும், ஓதும் குரல் கேட்டதும் அழுகை நிற்கும் பாட்டிமார்களையும் பார்த்திருக்கிறேன். வாழ்நாள் முழுவதும் பழகிய ஆறுதல் அது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க என்னிடம் வேறொன்றும் இல்லை.

என் நிபந்தனைகள் மூன்றுதான். மாத்திரையை நிறுத்தக் கூடாது. ‘இத்தனை அமாவாசை பொறுங்கள்’ என்று யார் சொன்னாலும் மருத்துவமனை நாளைத் தள்ளக் கூடாது. கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நமக்குப் பக்கத்தில் நடந்தது இது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. வீட்டுத் திண்ணைத் தூணும் அதில் அடக்கம்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதிலும் எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். டாக்டர் தமிழில் கேட்ட கேள்விக்குத் தப்பும் தவறுமாகப் பதில் சொன்னார். பரிசோதனையை நம்பலாமா?

நல்ல கேள்வி. இதை மருத்துவரிடமே கேட்டிருக்க வேண்டும் நீங்கள். உலகம் முழுவதும் பயன்படும் பல நினைவாற்றல் சோதனைகள் பள்ளிக்கூடம் போனவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நூறிலிருந்து ஏழேழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது, இந்தப் படத்தைப் பார்த்து வரை என்பார்கள். பென்சிலையே பிடித்திராத கை அதில் தோற்பதற்கு மூளை நோய் காரணமாக இருக்க வேண்டியதில்லை. எழுத்தறிவில்லாத கிராமத்து முதியவர்களுக்கென்று 1990களில் ஹரியானாவில் இந்தியில் தனியாகவே ஒரு சோதனை உருவாக்க வேண்டியிருந்தது.

தலைகீழாகவும் நடக்கும். கூட்டுக் குடும்பத்தில் அம்மாவை யாரும் எதுவும் செய்ய விடுவதில்லை. சமையல் மருமகள், கடை கண்ணி பேரன், பணம் மகன். உட்கார்ந்த இடத்தில் காபி வருகிறது. செய்ய வேலையே இல்லாதவருக்கு எது முடியாமல் போயிற்று என்று யாருக்குத் தெரியும்? இரண்டு வருடம் முற்றிய பிறகே வீடு கவனிக்கிறது. அதனால் சோதனைத் தாளை விட உங்கள் சாட்சியம் முக்கியம். போன தீபாவளிக்கு முறுக்கு பிழிந்தவர் இந்தத் தீபாவளிக்கு என்ன செய்தார், பாவு நூலில் கை எப்படி ஓடியது இப்போது எப்படி, சீட்டுப் பணக் கணக்கு என்ன ஆனது என்று எழுதிக்கொண்டு போங்கள். கேள்விகளை வீட்டு மொழியில் சொல்ல ஓர் ஆளையும் கூட்டிப் போங்கள். ஆனால் அவர் பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள சௌராஷ்டிரக் குடும்பங்களுக்கும், தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுகிற குடும்பங்களுக்கும் இன்னொன்று சொல்ல வேண்டும். நோய் முற்றும்போது பிற்பாடு கற்ற மொழி பலருக்கு முதலில் நழுவும். கடைத்தெருவில் அறுபது வருடம் தமிழ் பேசியவர் ஒருநாள் தமிழில் கேட்டால் விழிப்பார். துணைக்கு வரும் பெண் தமிழ் மட்டும் அறிந்தவராக இருந்தால், தண்ணீர், வலி, பசி, கழிப்பறை, பயம் என்பதற்கான வீட்டுச் சொற்களைச் சுவரில் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். (இரண்டு மொழி புழங்குவது வீண் போவதில்லை. 2013இல் வெளிவந்த ஹைதராபாத் ஆய்வு 648 நோயாளிகளைப் பார்த்தது. இருமொழிக்காரர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகவே தலைகாட்டியிருந்தது. பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது.)

நோயின் பெயரை ஐயாவிடம் சொல்லலாமா? மனசு உடைந்துவிடுவார் என்று அக்கா தடுக்கிறார்.

நம் வீடுகளில் நோயைச் சொல்லாமல் மறைப்பது பாசத்தின் முறை. ஆனால் ஆரம்பத்தில் அவருக்கே தெரியும். கேட்டதையே கேட்கிறோம் என்று தெரிந்து வெட்கப்படுகிறார், பிள்ளைகள் சமையலறையில் கிசுகிசுப்பதைப் பார்த்துப் பயப்படுகிறார். ‘உங்களுக்கு ஞாபகம் வைப்பது கஷ்டமாகிற ஒரு நோய் இருக்கிறது ஐயா, நாங்கள் கூடவே இருக்கிறோம்’ என்ற அளவில் சொல்லுங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அவர் கேட்கும் அடுத்த கேள்வி காட்டும். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

சொன்னால்தான் அவர் விருப்பத்தை அவர் வாயாலேயே கேட்க முடியும். யார் வீட்டில் இருக்க வேண்டும், கடைசிக் காலத்தில் மருத்துவமனையா வீடா, எந்தச் சொத்து யாருக்கு என்றெல்லாம் இன்று கேட்டால் பதில் வரும். தீவிர சிகிச்சை எந்த அளவோடு போதும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் எழுதினால் போதும் என்றது.

பேத்திக்கு வரன் பார்க்கிறோம். தாத்தாவுக்கு இப்படி என்று தெரிந்தால் பரம்பரை நோய் என்பார்களே?

முதுமையில் வரும் அல்சைமர் அப்படி நேராக வம்சத்தில் இறங்குவதில்லை. ஒற்றை மரபணுப் பிழையால் தலைமுறை தோறும் வருவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அது பெரும்பாலும் அறுபத்தைந்துக்கு முன்னரே, சிலருக்கு நாற்பதுகளிலேயே தொடங்கிவிடும். எண்பது வயதுத் தாத்தாவின் மறதி பேத்தியின் கல்யாணத்தை நிறுத்தக் காரணமே இல்லை. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, காது கேளாமை, தனிமை என்று மாற்றிக்கொள்ளக்கூடிய பதினான்கு காரணங்களைச் சரிசெய்தால் உலகில் பாதிக்குச் சற்றுக் குறைவான மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணித்தது. மாப்பிள்ளை வீட்டாரும் தங்கள் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பெண் பார்க்க வந்த அன்று தாத்தாவைப் பின்கட்டு அறையில் பூட்டிவைத்த வீடு எனக்குத் தெரியும். கதவைத் தட்டித் தட்டி அவர் முழங்கை தோலுரிந்திருந்தது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நாங்கள் மூன்று மகன்கள். மாதம் ஒரு வீடு என்று முறை வைத்து அம்மாவைப் பார்க்கிறோம். நியாயமான ஏற்பாடுதானே?

உங்களுக்கு நியாயம். அம்மாவுக்கு இல்லை.

முறை வைத்துப் பார்ப்பது இந்தப் பக்கத்தில் ஊரறிந்த வழக்கம். பெரியவர்கள் பஞ்சாயத்தில் உட்கார்ந்து தேதி போட்டுக் கொடுக்கிற வீடுகளும் உண்டு. உடம்பும் புத்தியும் நன்றாக இருக்கிற தாய்க்கு அது மூன்று மருமகள் கைச்சோறு. மறதி நோய் வந்தவருக்கு அதே ஏற்பாடு மாதத்துக்கு ஒருமுறை ஊரை மாற்றிவிடுகிறது. விளாங்குடி வீட்டில் கழிப்பறை இடது கைப் பக்கம் என்று உடம்பு பழகும்போது அனுப்பானடிக்குப் பெட்டி கட்டுகிறீர்கள். அங்கே இரவில் எழுந்து இடது பக்கம் போனால் சுவர். அங்கேயே சிறுநீர் கழித்துவிடுகிறார். ‘வேண்டுமென்றே செய்கிறார்’ என்கிறாள் இரண்டாவது மருமகள். மூன்றாவது வீட்டில் மாத்திரைச் சீட்டு வந்து சேரவே ஒரு வாரம் ஆகிறது. ‘எங்கள் வீட்டுக்கு எப்போது போவோம்’ என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். மூன்று பேருமே ‘இதுதான் அம்மா உன் வீடு’ என்கிறீர்கள்.

முறையை விட வேண்டாம், திருப்பிப் போடுங்கள். அம்மா ஒரே இடத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் முறை வைத்து அங்கே வரட்டும். முடிந்தால் அவர் நெடுநாள் புழங்கிய வீடு, இல்லையென்றால் தரைத்தளமும் பகலில் ஆளும் உள்ள வீடு. மற்ற இருவரும் மாதாமாதம் தங்கள் பங்குப் பணத்தைத் தரட்டும். பணம் மட்டும் போதாது, வாரத்தில் குறித்த ஒரு நாள் குறித்த ஒரு இரவு வந்து இருக்கட்டும். பஞ்சாயத்துக்கு உட்காரும் பெரியவர்களிடம் நானே இதைப் பேசியிருக்கிறேன். காரணத்தைச் சொன்னால் அவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். கணக்கு சமமாக வரவில்லையே என்று தயங்குவது பெரும்பாலும் மகன்கள்தான்.

மகளை ஏன் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்றும் கேட்பேன். ‘கட்டிக்கொடுத்த வீட்டில் போய் அம்மாவை விடுவதா’ என்பார்கள். தமிழ்நாட்டில் 1989இலிருந்தே இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு உண்டு. பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டமும் மகன், மகள், பேரன், பேத்தி என்றே பொறுப்பைச் சொல்கிறது. அந்த வரையறையில் மருமகள் இல்லை. நம் வீடுகளில் முழு வேலையும் செய்பவர் அவர்தான்.

அத்தையின் சங்கிலியை நான் எடுத்துவிட்டேன் என்று தெருவெல்லாம் சொல்கிறார். நாத்தனார்களும் நம்புகிறார்கள். எப்படி இங்கே இருப்பது?

மருமகள்களிடமிருந்து நான் அதிகம் கேட்பது இதைத்தான். பொருளை வைத்த இடம் மறக்கிறது. மறந்தோம் என்பதும் மறக்கிறது. காணோம் என்பது மட்டும் மிஞ்சுகிறது. அந்த இடைவெளியை மூளை ‘திருட்டு’ என்று நிரப்பிக்கொள்கிறது. பக்கத்திலேயே இருப்பவர் மேல்தான் பழி விழும். தூரத்து மகள்கள் வந்து போகும் நாளில் அத்தை தெளிவாகவே பேசுவார், அதனால் அவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

செல்லூரில் ஒரு வீடு. இரண்டு பவுன் சங்கிலி காணவில்லை என்று மகள்கள் இருவரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மருமகள் அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அழவில்லை. சுருக்குப் பை, தலையணை உறை, பூஜை அலமாரி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் ரேஷன் அரிசி டிரம்மைக் கவிழ்த்தோம். அடியில் பழைய ரவிக்கைத் துணி, முடிச்சின் மேல் முடிச்சு. உள்ளே சங்கிலி, காய்ந்த வெற்றிலைக் காம்புகள், ஒரு பஸ் டிக்கெட், நான்காக மடித்த இருபது ரூபாய் நோட்டுகள். மூத்த மகள் அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். யாரும் மருமகளிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் உள்ளே போய் உலையை அணைத்தார்.

செய்ய வேண்டியது இது. ‘நான் எடுக்கவில்லை’ என்று வாதாடாதீர்கள். ‘வாருங்கள் அத்தை, சேர்ந்து தேடுவோம்’ என்று கையைப் பிடியுங்கள். அவர் வழக்கமாக ஒளிக்கும் இடங்களைக் குறித்து வையுங்கள். தங்கத்தை எடுத்துவிட்டு அதே அச்சில் கவரிங் போட்டுவிடுங்கள். நகைகளைப் படமெடுத்து, எது யாரிடம் இருக்கிறது என்று குடும்பம் முழுவதும் கையெழுத்திட்ட தாள் ஒன்று இருக்கட்டும். இது நோயின் அறிகுறி என்பதை நாத்தனார்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். தன் அக்கா தங்கைகளிடம் அவர் பேசாமல் நீங்கள் பேசினால் எடுபடாது.

மாமனாரைக் குளிப்பாட்ட வேண்டியிருக்கிறது. எனக்கும் கூச்சம், அவருக்கும் அவமானம்.

கூச்சம் இயல்பு. அதை மதித்தே ஏற்பாடு செய்ய வேண்டும். அவர் கையை ஓங்குவது கோபத்தால் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் தன் வேட்டியை ஒரு பெண் அவிழ்ப்பதைத் தடுக்கிறார். இது மகனின் வேலை. வேலைக்குக் கிளம்பும் முன் காலையில் கால் மணி நேரம் போதும். தினமும் தலைக்கு ஊற்ற அவசியமில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் துடைத்துவிட்டாலும் சுத்தம்தான். மகன் ஊரில் இல்லையென்றால் பேரனோ ஆண் உதவியாளரோ வேண்டும். வேறு வழியே இல்லாத நாளில் இடுப்பில் துண்டு சுற்றியபடியே ஊற்றி, துண்டுக்கு அடியில் அவர் கையாலேயே தேய்த்துக்கொள்ள விடுங்கள். அம்மாவைக் குளிப்பாட்டும் மகன்களுக்கும் இதே நியாயம்தான்.

பார்த்துக்கொள்ள வந்த பெண்ணை அம்மா சாதி சொல்லித் திட்டுகிறார். வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட வேண்டியதுதான். நோய் புதிதாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை, உள்ளே இருந்ததன் தடுப்பை எடுத்துவிடுகிறது. அம்மாவைத் திருத்த முடியாது. அந்தப் பெண்ணிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க முடியும், அன்றன்றைக்கே, அம்மா இல்லாத இடத்தில். அவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால் அது நோயாளியின் குற்றமில்லை. ஆள் அமர்த்தும்போதே ‘என்ன ஆள்?’ என்று கேட்கும் வீடுகளில் நல்ல பணிப்பெண்கள் தங்குவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

கல்யாணம், சித்திரைத் திருவிழாவுக்கெல்லாம் அழைத்துப் போகலாமா?

கல்யாணத்துக்கு அழைத்துப் போங்கள். முகூர்த்தத்துக்கு முன்னதாகப் போய், மேளத்துக்குத் தள்ளி உட்கார்ந்து, சாப்பிட்டதும் திரும்பிவிடுங்கள். ‘என்னைத் தெரிகிறதா’ என்று யாரும் பரீட்சை வைக்காமல் பக்கத்தில் ஒருவர் இருந்து ‘பெரியப்பா மகன் வந்திருக்கிறார் பாருங்கள்’ என்று பெயரை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வேண்டாம். அந்தக் கூட்டத்தில் கைவிட்டால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. வீட்டில் தொலைக்காட்சியில் பார்க்கட்டும், தண்ணீர் பீய்ச்சும் தோல்பையைக் கையில் கொடுங்கள். எப்போதும் சட்டை உள்பக்கத்திலோ ரவிக்கையிலோ தொலைபேசி எண்ணைத் தைத்து வையுங்கள். காணாமல் போனால் ஒரு நாள் பொறுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, உடனே அவசர உதவி எண் 112.

அப்பா பெயரில் உள்ள வீட்டைச் சீக்கிரம் எழுதி வாங்கிவிடச் சொல்கிறார்கள்.

விவரம் புரியாத நிலையில் வாங்கும் கைநாட்டு செல்லாது. நாளைக்கு உங்கள் தங்கையே வழக்குப் போடலாம். பலர் நம்பியிருக்கும் பவர் பத்திரமும், எழுதிக் கொடுத்தவர் சுயபுத்தியை இழந்தால் சட்டப்படி முடிந்துவிடுகிறது. ஆகவே உயில் எழுதுவதென்றால் ஆரம்ப நிலையிலேயே, எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்து, அன்றைய தேதியில் அவர் தெளிவாக இருக்கிறார் என்ற மருத்துவச் சான்றோடு எழுதட்டும். காலம் கடந்துவிட்டது என்றால் பாதுகாவலரை நியமிக்க நீதிமன்றம்தான் வழி. இங்கே பலரும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை நாடுகிறார்கள்.

தானப் பத்திரமாக எழுதிக் கொடுப்பவர், ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். எழுதி வாங்கியவர் கைவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

இல்லத்தில் சேர்த்தால் ‘பெற்றவளைத் தள்ளிவிட்டான்’ என்று ஊர் பேசும்.

பேசும். பேசுகிறவர்களில் ஒருவர் ஓர் இரவு வந்து விழித்திருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். வீடுதான் நல்லது என்று நானும் நினைக்கிறேன், வீட்டில் ஆள் இருக்கும்வரை. இரண்டு பேரும் வேலைக்குப் போய், பகலெல்லாம் வெளியே பூட்டிய வீட்டுக்குள் அம்மா தனியாக இருக்கிறார் என்றால் அதற்கு வீடு என்ற பெயர் மட்டும்தான் இருக்கிறது. இடம் பார்க்கும்போது சொல்லாமல் போய்ப் பாருங்கள், மாலை ஐந்து மணிக்கு. பொழுது சாயும் நேரத்தில் இவர்களுக்குத் தவிப்பு கூடும். பணியாளர்கள் அப்போது எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும். எல்லாரையும் மயக்க மாத்திரையில் தூங்க வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள். அந்த வகை மருந்துகள் மறதி நோயாளிகளுக்குப் பக்கவாதத்தையும் மரணத்தையும் கூட்டக்கூடியவை. மருத்துவர் மேற்பார்வையில், குறைந்த அளவில், கொஞ்ச நாளுக்கு மட்டுமே தர வேண்டியவை.

கிராமத்தில் சில பெரியவர்கள், ‘இழுத்துக்கொண்டு கிடக்கிறார், எண்ணெய் வைத்து அனுப்பிவிடலாம்’ என்கிறார்கள்.

தலைக்கூத்தல் அது, படுத்துவிட்ட முதியவரை எண்ணெய்க் குளியலால் சாகடிப்பது. விருதுநகர், மதுரை, தேனிப் பக்கங்களில் இருந்துவரும் வழக்கம் என்பது 2010இல் செய்தியாக வெளிவந்ததிலிருந்து எல்லாருக்கும் தெரிந்தது. அது கொலை. கருணையின் பெயரால் செய்தாலும், ஊர் கூடிச் செய்தாலும் கொலைதான். மறதி நோயாளியால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

அப்படிப் பேசுகிற பலர் கொடியவர்கள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். படுக்கைப் புண் நாற்றத்தையும், ராத்திரி முனகலையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர்கள். வலியைக் குறைக்க வழி உண்டு என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலி நீக்கும் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, வரும்வரை விடாமல் கேளுங்கள். வீட்டில் அந்தப் பேச்சு முற்றுவதாகத் தோன்றினால் முதியோர் உதவி எண் 14567ஐ அழையுங்கள். ஆபத்து என்றால் 112.

அம்மாச்சி விழுங்க மறுக்கிறார். குழாய் போடச் சொல்கிறார்கள். போடாவிட்டால் பட்டினி போட்டுக் கொன்ற பாவம் வராதா?

சோறு போடுவதைத்தான் நாம் அன்பின் அளவாகவே வைத்திருக்கிறோம். அதனால் இந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் முற்றிய மறதி நோயில் மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ குழாய் போடுவது ஆயுளைக் கூட்டுவதாகச் சான்றில்லை. நுரையீரலுக்குள் உணவு போய் வரும் நிமோனியாவைத் தடுப்பதாகவும் இல்லை. அவர் பிடுங்காமலிருக்கக் கைகளைக் கட்டுவார்கள். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் இந்த நிலையில் குழாய் வேண்டாம், கையால் பொறுமையாக ஊட்டுங்கள் என்றே அறிவுறுத்தியது. தொற்றாலோ பக்கவாதத்தாலோ தற்காலிகமாக விழுங்க முடியாமல் போனவரின் கதை வேறு. மருத்துவரிடம் ‘இது திரும்பி வருகிற நிலையா’ என்று நேராகக் கேளுங்கள்.

ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வையுங்கள். தண்ணீராக ஓடும் கஞ்சி புரையேறும். குழைத்த பருப்புச் சோறு, கெட்டியான கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம் இறங்கும். சின்ன ஸ்பூன், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்தது. இரண்டு வாயோடு உதட்டை மூடிக்கொண்டால் அதுவே இன்றைய சாப்பாடு. உடம்பு அடங்கிக்கொண்டிருக்கும்போது பசி அடங்குவதும் அதன் போக்கு. நீங்கள் கொல்லவில்லை.

பால் ஊற்றும் சடங்கைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். நினைவில்லாதவர் வாயில் பாலை ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கி, கடைசி நேரம் திணறலாக முடியும். பஞ்சில் நனைத்து உதட்டைத் தொட்டு எடுங்கள். ஜம்ஜம் தண்ணீருக்கும் அப்படியே. சொந்தங்கள் எல்லாரும் வரிசையில் வந்து தொடட்டும், ஒன்றும் குறையாது. யாசீன் ஓதுவதும், பாதிரியார் வந்து நோயில் பூசுதல் தருவதும், தேவாரம் பாடுவதும் காதில் விழும் என்று எண்ணியே செய்யுங்கள்.

எனக்கு முடியவில்லை. சில ராத்திரிகளில் அத்தை போய்ச் சேர்ந்தால் தேவலை என்று நினைக்கிறேன். நான் கெட்டவளா?

இல்லை. தூங்காத உடம்பு அப்படித்தான் நினைக்கும். இந்த நினைப்பை என்னிடம் சொன்ன மருமகள்களும் மகள்களும் மறுநாள் காலையில் அதே கையால் ஊட்டுகிறவர்கள். ஆனால் அந்த நினைப்பு தினமும் வந்தால், கை ஓங்கத் தோன்றினால், உங்களையே மாய்த்துக்கொள்ளத் தோன்றினால் அரசின் மனநல உதவி எண் 14416ஐக் கூப்பிடுங்கள். இரவும் பகலும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

‘தியாகி’ என்று உங்களைப் புகழ்கிற சொந்தங்களிடம் வேலையைப் பகிர்ந்து கொடுங்கள், பெயர் சொல்லி, நேரம் சொல்லி. மாத்திரை வாங்கி வருவது கொழுந்தன், செவ்வாய் இரவு மூத்தார், மருத்துவமனை நாள் நாத்தனார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அத்தையோடு யார் இருப்பார் என்று உங்கள் கணவரிடம் இன்றைக்கே கேளுங்கள். ஒரு பெயர் கிடைக்கும்வரை பேச்சை விடாதீர்கள்.